காலண்டர் லோடு

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதியை அரசாங்கம் நடத்துகிறது, மீதியைக் கர்த்தர் நடத்துகிறார் என்று நான் சொல்வதுண்டு. வாத்தியார் சம்பளம், சத்துணவு, சீருடை, புத்தகம் எல்லாம் அரசாங்கம். சுவர், கூரை, கதவு, கக்கூஸ் எல்லாம் நிர்வாகம். நிர்வாகம் என்றால் மேற்றிராசனத்து ஆபீஸ், அதாவது பிஷப் ஆபீஸ். அங்கே போய்க் காசு கேட்டால் ஜெபம் பண்ணச் சொல்வார்கள். ஆகவே ஒன்றாம் தேதி சம்பளம் தவறாமல் வந்துவிடும். சம்பளம் வாங்குகிறவன் தலையில் கூரை எந்தத் தேதியில் விழும் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனைக்குட்டம் அணைக்கு இந்தப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே எங்கள் ஊர். புனித லூசியா தொடக்கப் பள்ளி. ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமையாசிரியை இசபெல் டீச்சர். அப்புறம் சாம்சுந்தராகிய நான். நான் சி.எஸ்.ஐ.காரன். ஆர்.சி. பள்ளியில் எப்படி நுழைந்தேன் என்றால், கட்டிக்கொண்டது ஆர்.சி. பெண். மாமனார் ஃபாதரிடம் சொன்னார், ஃபாதர் மேலே சொன்னார், மேலே யார் யாரிடம் சொன்னார்களோ தெரியாது, வேலை கிடைத்தது. மாதாவுக்கு முன்னால் எந்தக் கையை எங்கே வைப்பது என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். மாதா அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

ஊரில் பாதிப் பெண்கள் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். கம்பெனி வேன் விடிந்ததும் வந்துவிடும். நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. நல்ல பள்ளி, புதுக் கட்டடம். ஆனால் அது ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அதுவரை பிள்ளை எங்கே நிற்கும்? ஒன்று, அம்மாவோடு வேனில் ஏறிக் கம்பெனிக்குப் போகும். அங்கே போன பிள்ளையின் கை சும்மா இருக்காது, திரி அடுக்க ஆரம்பிக்கும். அல்லது எங்கள் பள்ளிக்கு வரும். இசபெல் டீச்சர் வேன் வருமுன்னே கேட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பார். எந்த அரசாணையிலும் இல்லாத வேலை. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறவர் இப்படி உட்கார வேண்டியதில்லை. கேட்டால், "எனக்குத் தூக்கம் வராது சாம்" என்பார்.

பள்ளி வளாகத்துக்குள் மாதா கெபி ஒன்று இருக்கிறது. கல்லை அடுக்கிக் குகை போலக் கட்டி, உள்ளே மாதா சுரூபம். முன்னால் மணல் நிரப்பிய இரும்புத் தட்டு. பிள்ளையை விட்டுவிட்டு வேன் ஏறப் போகும் பெண்கள், இந்துவோ வேதக்காரியோ, ஆளுக்கொரு மெழுகுவத்தியை அந்த மணலில் ஏற்றி நட்டுவிட்டுத்தான் போவார்கள். சாயங்காலம் முழு உடம்போடு திரும்பி வர வேண்டும், அதற்கு. தீப்பெட்டி மாதாவின் காலடியிலேயே இருக்கும். கம்பெனிக்குத் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாதல்லவா? நாள் முழுக்க நெருப்பை அண்ட விடாதவர்கள், காலையில் ஒரு தடவை நெருப்பைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

கெபியின் முதுகு ஒட்டியிருப்பது பழைய மறைக்கல்வி அறையின் சுவரில். ஊரில் வேதக்காரக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆனபிறகு அந்த அறைக்கு ஞானோபதேசம் படிக்க ஆள் இல்லை. பூட்டிக் கிடந்தது. மெழுகுவத்தித் தட்டுக்கு நேர் மேலே அதன் காற்றுப்போக்கி, இரண்டு சட்டம் உடைந்து. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்போதே வைத்திருக்க வேண்டும்.

டீக்கடையில் என்னைப் பிடித்து இழுப்பவர் வார்டு உறுப்பினர் கண்ணுச்சாமி. நிலபுலன் உள்ளவர், மக்காச்சோளமும் வாயும் நன்றாக விளையும்.

"ஏன் சார், சம்பளம் எங்க வரிப்பணம். பள்ளிக்கூடத்துக்குப் பேரு மட்டும் உங்க புனிதர் பேரா? இது எந்த ஊரு நாயம்?"

"வரி நானும்தான கட்டுறேன் அண்ணே."

"நீங்க கட்டுற வரிய நீங்களே சம்பளமா வாங்கிக்கிடுறீக. சுத்திச் சுத்தி உங்க சட்டப்பையிலதான விழுது?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்; நல்ல ஜோக்கு யாருடையதாக இருந்தாலும் சிரித்துவிட வேண்டும். கண்ணுச்சாமி விடவில்லை. "சாமிக்கு நீங்க செலவு பண்ணுங்க. பிள்ளைக்கு அரசாங்கம் செலவு பண்ணட்டும். ரெண்டையும் ஏன் ஒரே எலையில போடுறீக?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றுவரை. அந்த இலையில் ஒரு பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறதே, இலையை எடுப்பதற்கு முன் அதை எழுப்பவாவது வேண்டாமா என்பதைத் தவிர.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நாலாம் வகுப்பின் கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. சாப்பாட்டு நேரம், பிள்ளைகள் வெளியே இருந்தார்கள். பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பாண்டிமீனாவின் மகள் கற்பகம் உட்காரும் இடத்தில் அவளுடைய தண்ணீர் பாட்டில் நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. அந்த வருஷம் பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் வருஷம். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று பொறியாளர் சான்று தந்தால்தான் அங்கீகாரம். அங்கீகாரம் இருந்தால்தான் அரசாங்கத்து உதவி. நிர்வாகம் வழக்கம்போல் ஜெபம் பண்ணச் சொன்னது. அரசாங்கத்தைக் கேட்டால், தனியார் கட்டடத்துக்கு நாங்கள் எப்படிச் செலவு செய்வது என்றார்கள். இரண்டு பேரும் சொன்னது சரிதான். சரியான இரண்டு பேருக்கு நடுவில் கூரை தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் விக்னேஷ்குமார் வந்தான். எங்கள் பழைய மாணவன். பதினாறாம் வாய்ப்பாட்டில் என்னிடம் குட்டு வாங்கியவன். இன்று சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி, வெள்ளைக் கார், வாசனையான சட்டை. ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் அவன் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து இசபெல் டீச்சர் காலைத் தொட்டான்.

"டீச்சர், கூரை பூரா நான் மாத்தித் தாரேன். படிச்ச பள்ளிக்கூடம். என் கடமை."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்; நான் சினிமா விளம்பரத்துக்கே அழுகிறவன். மறுநாளே ஆட்கள் வந்து நாலாம் வகுப்பில் இரும்பு முட்டுகளைக் கொடுத்துக் கூரையைத் தாங்கவைத்தார்கள். அதன்பிறகு அவன் ஒரு சின்ன உதவி கேட்டான்.

"அச்சாபீஸ் ஒண்ணும் சேத்து நடத்துறேன் டீச்சர். ஆடிப் பதினெட்டுக்கு காலண்டர் ஆல்பம் வெளிய வருதுல்ல, லோடு வைக்க எடமில்ல. அந்தப் பழைய ரூம் சும்மாதான கெடக்கு?"

சிவகாசிப் பக்கம் காலண்டர் என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். டீச்சர் ஒரு சாவியைக் கொடுத்து, ஒன்றைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, பள்ளி விட்ட பிறகு லோடு வந்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். நாலு ஆட்கள். வேனிலிருந்து பெட்டிகளை இறக்கினார்கள். அறை வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொரு பெட்டியையும் பிறந்த பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையிலும் வாங்கி, சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோனார்கள். வேதம் படித்த அறை என்று மரியாதை காட்டுகிறார்கள். நம் ஜனங்களுக்குத்தான் எத்தனை பக்தி என்று மனம் நெகிழ்ந்துபோனேன். ஆஷ்லினிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

சொன்னேன். ஆஷ்லின் என் மனைவி. சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு நர்ஸ். தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்பைக்கூடக் கையில் தொடாதவள். தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"காலண்டர்க் கட்டத் தூக்கிப் போடுவாகளா, ஏந்துவாகளா?"

காலண்டர் இறக்குகிற ஆட்களை நான் பார்த்ததில்லையா என்ன? தோளுக்குத் தோள் வீசுவார்கள், தொப்புத் தொப்பென்று விழும். செருப்பைக் கழற்றிவிட்டு, அசையாமல் ஏந்துவதற்குப் பழகிய கால்களும் கைகளும் வேறு. வெடிமருந்து கிடக்கும் தரையில்தான் அப்படி நடப்பார்கள். கம்பெனியில் இவ்வளவுதான் சரக்கு வைக்கலாம் என்று லைசென்ஸில் ஓர் அளவு உண்டு. சீசன் ஆர்டர் அந்த அளவைத் தாண்டிவிட்டால் மிச்சத்தைச் சோதனைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்க்காத இடத்தில் வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை, அதிலும் கெபிக்குப் பின்னால் இருக்கிற அறையை, யார் வந்து பார்ப்பார்கள்?

தோசை கருகியது. அந்த வாசனையே அன்று எனக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். அவர் கண் பிள்ளைகள் பக்கம் போனது.

"சாம், காலண்டர்னுதான அவன் சொன்னான்."

"டீச்சர், உங்கட்டச் சாவி இருக்கு. தெறந்து பாத்திருவோம்."

"தெறந்து பாத்தா அப்பறம் தெரியாதுன்னு சொல்ல முடியாது." கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டார். "சான்று கைக்கு வர்ற வரைக்கும் பொறுத்துக்கோங்க. இது வெளிய போச்சுன்னா பள்ளிக்கூடத்துக்குச் சீல் வச்சிருவாக. இந்தப் பிள்ளைக எங்க போகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். பள்ளி மூடினால் பிள்ளைகள் பட்டாசுக்குப் போகும். பள்ளி மூடாமலிருக்கப் பட்டாசு பள்ளிக்கு வந்திருக்கிறது. இதற்கு நடுவில் தினமும் காலையில் உடைந்த சட்டத்துக்குக் கீழே முப்பது சுடர்.

ஆகவே நான் என்னால் முடிந்த வீரத்தைச் செய்தேன். மணல் தட்டைத் தூக்கிக் கேட்டுப் பக்கம் வேப்பமரத்தடியில் வைத்தேன். தீப்பெட்டியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"என்ன சார், தட்டு எடம் மாறிருக்கு?" என்று பாண்டிமீனா கேட்டாள்.

"மாதாவுக்குப் புகை ஒத்துக்கலத்தா. அலர்ஜி. எங்க வீட்டுல நர்சம்மா சொல்லிட்டா."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்து ஏற்றிவிட்டுப் போனாள். அடுத்த நாள் அவளே தீப்பெட்டி கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாள் நான் விடியுமுன் வந்து மணலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவைத்தேன், மெழுகுவத்தி நிற்காதபடி. அதுதான் நான் செய்த தப்பு. தட்டை நகர்த்தியதை வாத்தியாரின் கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள். சாமிக்கு முன்னால் தண்ணீர் ஊற்றி விளக்கை அணைப்பது இந்த ஊரில் துக்க வீட்டு வேலை.

சாயங்காலத்துக்குள் சேதி ஊர் சுற்றிவிட்டது. சாம் சார் சி.எஸ்.ஐ., அவங்க சபையில் மாதாவைக் கும்பிட மாட்டார்கள், அதனால்தான் என்று ஒரு தெரு. இந்துப் பொம்பளைகள் ஏற்றுவது இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று இன்னொரு தெரு. சத்துணவு சமைக்கும் பஞ்சம்மாள் என் தட்டில் முட்டை வைக்காமலே போனாள். முட்டை எனக்கு உரிமையானதல்ல என்றாலும், வலித்தது.

ஆடிக் கடைசி வெள்ளி. காலையில் நான் வரும்போது கெபி முன்னால் கூட்டம். வழக்கமாக வருகிறவர்கள் மட்டுமல்ல, மற்ற கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், வேலைக்கே போகாதவர்கள் எல்லாரும். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கட்டு மெழுகுவத்தி. வேன் கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மறைக்கல்வி அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். காலை வெயில் படாத சுவர் அது ஒன்றுதான். கண்ணுச்சாமி செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சார்," பாண்டிமீனாதான் ஆரம்பித்தாள். "எங்க பிள்ளைகள வச்சுத்தான உங்களுக்குச் சம்பளமே? பிள்ளை வேணும், பிள்ளையோட ஆத்தா ஏத்துற மெளுகுவத்தி வேண்டாமாக்கும்?"

"ஏத்துத்தா. வேணாங்கல. வேம்படியில ஏத்து."

"மாதா இங்கன இருக்கா. வெளக்கு அங்கனயா? உங்க வீட்டுல சாப்பாடு அடுப்பங்கரையில இருக்க, மாட்டுக்கொட்டத்துல எலை போடுவீகளா?"

"அரசாங்கப் பணத்துல நடக்குற எடம்!" என்று கண்ணுச்சாமி செல்போனுக்கும் சேர்த்துச் சொன்னார். "இங்கன எந்தச் சாதி, எந்தச் சாமிக்கும் தடை கெடையாது. ஏத்துங்கத்தா, யாரு தடுக்கான்னு பாப்போம்."

தீக்குச்சி உரசும் சத்தம். ஒன்று, இன்னொன்று, பிறகு எண்ண முடியவில்லை. மணல் தட்டில் இடம் போதாமல் கெபியின் கல்லிடுக்கிலெல்லாம் நட்டார்கள். ஒரு கிழவி உடைந்த சட்டத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றை நட்டாள். சுடர்கள் சேர்ந்து எரிந்ததில் சுவரில் கரி படிய ஆரம்பித்தது.

"உள்ள வெடி இருக்கு" என்றேன்.

சிரிப்பு வெடித்தது.

"நேத்து அலர்ஜி, இன்னைக்கு வெடியா? நாளைக்கு மாதாவுக்கு என்ன சார், வளைகாப்பா?"

"சத்தியமாத்தா. இந்த ரூமுக்குள்ள. பெட்டி பெட்டியா."

"சார் நடிக்குறதப் பாருங்கடீ. மூஞ்சி வேர்க்குறதக்கூட நடிக்காரு" என்றாள் பஞ்சம்மாள்.

இத்தனை வருஷம் ஊரைச் சிரிக்கவைத்ததற்கு எனக்குக் கிடைத்த சம்பளம் அது. இதற்கு அரசாங்க உதவி எதுவும் கிடையாது. நான் மெழுகுவத்திகளைப் பிடுங்கப் போனேன். பாண்டிமீனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்புக்கு நடுவே ஒன்றைக் கவனித்தேன். கண்ணுச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. செல்போனை இறக்கிவிட்டு, இரண்டடி, பிறகு இன்னும் இரண்டடி, கேட்டைப் பார்த்துப் பின்வாங்கிக்கொண்டிருந்தார்.

கூட்டம் விலகியது. இசபெல் டீச்சர் வந்துகொண்டிருந்தார். கையில் சாவி. மறைக்கல்வி அறையின் வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்ததுமே பாண்டிமீனாவின் பிடி என் மணிக்கட்டில் தளர்ந்தது. டீச்சர் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார்.

தரையிலிருந்து காற்றுப்போக்கி வரை பெட்டிகள். மேல் வரிசைப் பெட்டி ஒன்று உடைந்த சட்டத்துக்கு நேரே வாய் பிளந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த வாசனையை நான் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் சேலையில், தலைமுடியில், சோற்றுக் கையில் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோகும் வாசனை அது.

யாரும் கத்தவில்லை. யாரும் ஓடவில்லை. பாண்டிமீனா விரலை எச்சில்படுத்தி, முதல் திரியை நசுக்கினாள். அடுத்தவள் அடுத்ததை. ஊதினால் பொறி பறக்கும் என்று ஒருத்திகூட ஊதவில்லை. விரல் சுட்டிருக்கும், யாரும் உதறவில்லை. மற்றவர்கள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வேம்படிக்குக் கொண்டுபோனார்கள். எல்லாம் அணைந்தபிறகுதான் வேன் ஹாரன் இன்னும் அடித்துக்கொண்டிருப்பது கேட்டது.

"எம்புட்டு நாளா டீச்சர்?"

"கூரைக்கு முட்டுக் குடுத்த மறு வாரத்துல இருந்து."

"உங்களுக்குத் தெரியுமா?"

"காலண்டர்னு சொன்னான். அத நம்பணும்னு நெனச்சேன்."

பாண்டிமீனா சுவரைக் காட்டினாள். "எம்மக வெள்ளனத்துல வந்து இந்தச் செவத்துலதான் டீச்சர் சாஞ்சு உக்காந்திருக்கும்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். போலீசுக்கு என்று ஒருத்தி ஆரம்பித்தாள். சொன்னால் கம்பெனிக்கும் சீல், பள்ளிக்கும் சீல், தீபாவளிக்கு அடுப்பு எரியாது என்று இன்னொருத்தி முடித்தாள். கடைசியில் பாண்டிமீனா வேன் டிரைவரிடம் போய், "லோடு இங்கருந்து போனாத்தான் நாங்க அங்க வருவோம்னு மொதலாளிட்டச் சொல்லு" என்றாள். சீசனில் ஒரு நாள் ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்பது முதலாளிக்குத் தெரியும்.

விக்னேஷ்குமார் வந்தான். முகத்தில் கோபமே இல்லை. "தப்புதான் சார். பசங்க மாத்தி எறக்கிட்டானுக" என்றான். வெயில் ஏறுமுன் அறை காலியானது. பெண்கள் வேனில் ஏறிப் போனார்கள், அவன் கம்பெனிக்கேதான். கடைசியாக அவன் ஆட்கள் நாலாம் வகுப்புக்குள் போய் இரும்பு முட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்கள்.

"விக்னேஷு, அதுதானய்யா கூரையத் தாங்குது."

"வாடகை முட்டு சார். வேற சைட்டுல கேக்காங்க." கையைக் குவித்து வணங்கினான். "நீங்க கவலப்படாதீங்க. லோடு வைக்கவா எடமில்ல? அரசாங்கக் கட்டடம் எம்புட்டுக் கெடக்கு."

அதை அவன் கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்ன வெறும் வார்த்தை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை நாலாம் வகுப்பைப் பூட்டிவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் வேம்படியில் உட்காரவைத்தோம். பெண்கள் எப்போதும்போல் வந்து பிள்ளைகளை விட்டார்கள், எப்போதும்போல் மெழுகுவத்தி ஏற்றினார்கள். மெழுகுவத்திதான் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வேன் போனதும் டீச்சரும் நானும் கண்ணுச்சாமியைத் தேடிப் போனோம். ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் பஞ்சாயத்துச் சமுதாயக் கூடம் இருக்கிறது, அங்கன்வாடிக்கு ஒட்டினாற்போல். கூரைக்கு ஒரு வழி பிறக்கும்வரை வகுப்புகளை அங்கே நடத்திக்கொள்ளலாம் என்பது டீச்சரின் எண்ணம். "உங்க ஆசப்படியே அரசாங்கக் கட்டடத்துக்கு வந்துட்டோம் அண்ணே" என்று சொல்லத் தயாராக ஒரு ஜோக்கும் வைத்திருந்தேன்.

கண்ணுச்சாமி என் கண்ணைப் பார்க்கவில்லை.

"கூடம் கெடைக்காதே டீச்சர். வாடகைக்கு விட்டாச்சு."

"யாருக்கு?"

"அந்த... காலண்டர் லோடு."

"அரசாங்கக் கட்டடத்துல தனியார் லோடா? எந்த ஊரு நாயம் அண்ணே இது?"

"பஞ்சாயத்துக்கு வருமானம் சார்." மண்ணைக் காலால் கீறினார். "காலண்டர்னுதான் சொல்லிருக்கான்."

டீச்சர் அவரையே பார்த்தார். அந்த வாக்கியத்தை முதலில் சொன்னவர் டீச்சரல்லவா?

மந்தை வழியாகத் திரும்பினோம். சமுதாயக் கூடத்துக் கதவு ஒருக்களித்திருந்தது. படியில் செருப்புகள், ஜோடி ஜோடியாக, வரிசையாக. உள்ளே சத்தமே இல்லை. ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடியில் விறகடுப்பு புகைந்துகொண்டிருந்தது. ஆயா சத்துமாவு கிண்டும் வாசனை. பச்சைப் பிள்ளைகள் ராகம் போட்டு ஏதோ பாடின.

டீச்சர் அங்கன்வாடிக்குள் போய் அடுப்பில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். ஆயா திட்டத் திட்ட வெளியே வந்து கைப்பையிலிருந்து போனை எடுத்தார். நான் தள்ளி நின்றேன். பேசி முடிக்க வெகு நேரம் ஆகவில்லை.

"தாலுகாபீசுல சொல்லிட்டேன் சாம். நம்ம ரூம்ல இருந்தது, நான் சாவி குடுத்தது, எல்லாம் சேத்தே சொல்லிட்டேன். இல்லன்னா எப்படித் தெரியும்னு கேப்பாகல்ல."

"பள்ளிக்கூடம்?"

"அது முடிஞ்சுது." சொல்லிவிட்டுச் சேலை முந்தானையை இடுப்பில் செருகினார். "நாளைக்கு வாறாகளாம்."

"நாளைக்கா?"

"இன்னைக்கு மீட்டிங்காம். தாலுகாபீசுக்கு நேராப் போறேன், இழுத்துட்டு வாரேன்."

நாளைக்கு. நான் சமுதாயக் கூடத்தைப் பார்த்தேன், அங்கன்வாடியைப் பார்த்தேன், இருநூறு எட்டில் இருக்கும் எங்கள் வேப்பமரத்தைப் பார்த்தேன். என் மூளை நல்ல காரியங்களுக்கு மெதுவாகவும் கிறுக்குத்தனத்துக்கு வேகமாகவும் வேலை செய்யும்.

"ஏலே, எல்லாரும் எந்திரிங்க" என்றேன் வேம்படிக்குப் போய். "கல்விச் சுற்றுலா."

"எங்க சார்?"

"ஆனைக்குட்டம் டேமு."

"அங்கன தண்ணியே இல்லையே சார்" என்றாள் கற்பகம்.

"அதான் பாக்கப் போறோம். தண்ணி இல்லாத டேமப் பாக்குற பாக்கியம் எல்லாருக்கும் கெடைக்குமா?"

அங்கன்வாடி ஆயாவைக் கெஞ்சி, பச்சைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டேன். நடக்கத் தெரியாத பிள்ளையை நடக்கிற பிள்ளை தூக்கிக்கொண்டது. பஞ்சம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், மந்தைப் பக்கம் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்காமல் சோற்றுக் குண்டானைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். போகிற வழியில் மந்தைத் தெருவில் கதவு கதவாகத் தட்டி, வீட்டிலிருந்த கிழடு கட்டைகளையும் "டேமுல பொங்கச் சோறு போடுறாக" என்று சொல்லிக் கிளப்பிவிட்டாள். யார் பேச்சை நம்புவார்கள் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.

கரிசல் பாதையில் வரிசையாக நடந்தோம். அணைக்கரையில் ஏறி, சீமைக்கருவேல நிழலில் உட்கார்ந்தோம். கீழே நீர்ப்பிடிப்பு முழுக்க வெடித்த மண், நடுவில் கண்ணாடித் துண்டு போலக் கொஞ்சம் தண்ணீர். பஞ்சம்மாள் சோறு போட்டாள். இந்த முறை எனக்கும் ஒரு முட்டை வைத்தாள்.

பிள்ளைகள் எல்லாம் அணையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. நான் முதுகைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி, ஊரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் கோயில் கோபுரம், எங்கள் சிலுவை, செல்போன் டவர், அவற்றுக்குக் கீழே பகல் வெயிலில் அசையாமல் கிடக்கும் கூரைகள். டீச்சரிடமிருந்து போன் வரவில்லை.

"சார், எல்லாரும் டேமப் பாக்கோம். நீங்க மட்டும் ஏன் சார் ஊரவே பாக்கீக?" என்றாள் கற்பகம்.

"யாராவது ஒருத்தர் பாக்கணும்லத்தா. இல்லன்னா அது பாட்டுக்கு எங்கயாவது போயிரும்."

பிள்ளைகள் சிரித்தன. பஞ்சம்மாள் சிரிக்கவில்லை. கரண்டியைக் குண்டானில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, அவளும் என் பக்கத்தில் வந்து, ஊரைப் பார்த்து உட்கார்ந்தாள்.